பறக்கத் தகுதி

நவம்பர் 4

போர்ட் பிளேரிலிருந்து மாலை விமானத்தில் தீவுக்கு வந்து சேர்ந்தேன். ஒற்றை எஞ்சின், ஒன்பது இருக்கை. நாளை நான் பரிசோதிக்க வேண்டியதும் இதே விமானம்தான். அதனால் வழியெல்லாம் கடலைப் பார்க்காமல் இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். விமானப் பாதுகாப்புத் துறையில் இருபது வருடம் வேலை பார்த்தவளுக்கு வேறு எதுவும் பார்க்கத் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயசுக்காரர் ஒருவர். இடது கையில் பிளாஸ்திரி. நான் பயந்துபோய் உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டார்.

"மொதல்ல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு மேடம். கண்ண மூடிட்டு ஸ்தோத்திரம் சொல்லிட்டே வருவேன். இப்ப பஸ்ஸுல போற மாதிரி ஆயிட்டு."

பேச்சிலேயே ஊர் தெரிந்துவிட்டது. அப்பா தூத்துக்குடியிலிருந்து இங்கே குடியேறியவராம். நான் திருநெல்வேலி என்றதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெயர் அருளப்பன். அரசு விருந்தினர் இல்லத்தை ஒட்டி மெஸ் நடத்துகிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை விமானத்தில் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு மாலை விமானத்தில் திரும்புகிறார். இந்தச் சேவை வருவதற்கு முன்னால் ஒரு வருடம் போர்ட் பிளேரில் அறை எடுத்துத் தனியாகக் கிடந்தாராம், மனைவி இங்கே.

"இந்த ஏரோப்ளேன் வந்த பெறகுதான் எங்க வீட்டுல படுக்கேன்."

இறங்கியதும் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் நரம்பு கிர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த நரம்பாம். "மோட்டாரு," என்று சிரித்தார்.

ராத்திரிச் சாப்பாடு அவர் மெஸ்ஸில்தான். சூரைமீன் குழம்பு. மனைவி சகாயமேரி பரிமாறினாள். என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று கேட்டார்கள். ஆபீஸ் வேலை என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 5

விமானத்தை நிறுத்திவிட்டேன்.

இறக்கையைக் கீழிருந்து தாங்கும் தண்டு விமானத்தின் உடலோடு சேரும் இடத்தில் ஒரு உலோகப் பிடி உண்டு. வலது பக்கப் பிடியில் மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு. கம்பெனியின் எஞ்சினியர் ஜெயசீலன் பார்த்துவிட்டு, "துருக்கறை மேடம், உப்புக் காத்துல எல்லாத்துலயும் வரும்," என்றான். சுத்தம் செய்து சிவப்புச் சாயம் தடவச் சொன்னேன். துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடி அடித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையின் மேல் கசிந்து வரும்.

வந்தது. நேராக, சிவப்பாக, சுண்டுவிரல் நீளத்துக்கு.

மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொன்னேன். மறுபடியும் வந்தது.

எவ்வளவு ஆழம் என்று இங்கே பார்க்க முடியாது. அதற்கான கருவி சென்னையில் இருக்கிறது. ஆழம் தெரியாத விரிசலோடு பறக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பிடி விட்டுப்போனால் இறக்கை நிற்காது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேப்டன் ரகோத்தமன் விமானி அறைக்குள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தகரக் கூரைக்குக் கீழே பயணிகள் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். கம்பெனிப் பெண் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்டாள். நான் ஜீப்பில் ஏறினேன்.

மத்தியானம் மெஸ்ஸில் அருளப்பன் இலையைப் போட்டுவிட்டு நின்றார்.

"நீங்கதானா அது?"

"ஆமா அண்ணாச்சி."

சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 6

காலையிலேயே சென்னையிலிருந்து ராவ் சார் போன் செய்தார். எங்கள் இணை இயக்குநர். "ரூல்படி செஞ்சிருக்கீங்க, சரி. ஆனா அந்தச் சேவையைத் தொடங்கி வச்சு போன வருஷம்தான் விழா எடுத்தாங்க. கொஞ்சம் சீக்கிரம் முடிங்க காந்திமதி," என்றார். நானா முடிக்க வேண்டும்?

கம்பெனி மேலாளரிடம் பேசினேன். மாற்றுப் பிடி சென்னையில் இருக்கிறதாம். நாளை விமானத்தில் போர்ட் பிளேருக்கு வரும், அங்கிருந்து சனிக்கிழமைக் கப்பலில் இங்கே. அதுவரை வேறு விமானம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். மூன்று இருக்கின்றன, மூன்றும் கூட்டமுள்ள தடங்களில் ஓடுகின்றன, ஒன்றைக்கூட எடுக்க முடியாது என்றார். அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் மாற்று விமானம் பற்றி ஒன்றும் இல்லை. நானும் பார்த்தேன். இல்லைதான்.

மத்தியானம் அருளப்பன் வந்து நின்றார். கோபம் தணிந்திருந்தது, அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் கப்பல் இருக்கு மேடம். நான் ஏறிரவா? ஏறுனா அங்க அறை பாக்கணும், மெஸ்ஸ மூடணும். இல்ல ஏரோப்ளேன் ஓடிரும்னா இருந்துக்கிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை விட்டா ஒண்ணும் ஆகாது. முன்னயும் விட்டிருக்கேன்."

"சனிக்கிழமை பார்ட் வந்துடும் அண்ணாச்சி. மாட்ட ஒரு நாள். திங்கக்கிழமை நீங்க பறக்கலாம்."

முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே பார்த்து, "மேரி, பைய எடுத்து உள்ள வையி," என்று சத்தம் கொடுத்தார்.

நவம்பர் 7

பிடியை மாற்றும்போது நான் உடன் இருந்தாக வேண்டுமாம். அதனால் நானும் நேற்றுக் கப்பலில் போகவில்லை. துணி துவைத்தேன். இந்தக் காற்றில் எதுவும் காயாது போலிருக்கிறது.

நவம்பர் 8

கப்பல் வரவில்லை. தெற்கே காற்றழுத்தத் தாழ்வு. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். பிடி போர்ட் பிளேர் கிடங்கில் பத்திரமாக இருக்கிறதாம்.

நவம்பர் 9

ஞாயிறு. சகாயமேரி கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "உங்களுக்கும் சேத்துத்தான் மேடம் ஜெபிச்சேன், கப்பல் வரணும்னு," என்றாள்.

அருளப்பன் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேருக்கு உப்பும் புளியுமாகக் குழம்பு வைக்கிறவர் தனக்கு உப்பில்லாத சோறும் வேகவைத்து வடித்த காயும் வைத்துக்கொள்கிறார். தண்ணீர் குடிக்க ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். அதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்து ஓட்டுகிறார். "நாக்கு நனைஞ்சா போதும்."

வீட்டுக்காரர் போன் செய்தார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

நவம்பர் 10

திங்கட்கிழமை. கப்பல் இல்லை. விமானமும் இல்லை. மழை.

மெஸ்ஸுக்கு இன்று போகவில்லை. பசியில்லை.

நவம்பர் 11

ஷெட்டுக்குப் போய் அந்தப் பிடியை மறுபடி பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் எத்தனை முறை பார்த்தாலும் நீளம்தான் தெரியும், ஆழம் தெரியாது. "தினமும் பாத்தா மட்டும் மூடிக்குமா மேடம்?" என்றான் ஜெயசீலன். கிண்டல் இல்லை. களைத்துப்போன குரல். இந்த விமானத்துக்குத் தகுதிச் சான்று கொடுத்துவந்தது அவன்தான். அவன் வேலையும் இதில் தொங்குகிறது.

அருளப்பனின் முகம் வீங்கியிருக்கிறது. கண் இடுங்கிவிட்டது. பாதத்தில் செருப்பு நுழையவில்லை. உட்கார்ந்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. "நீர் கோத்திருக்கு, அம்புட்டுதான்," என்றார். சகாயமேரி என் பக்கம் பார்க்கவே இல்லை.

நவம்பர் 12

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே இருப்பது டாக்டர் மண்டல் என்ற வங்காளி இளைஞர், இரண்டு நர்ஸ், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். டயாலிசிஸ் இயந்திரம் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்கக்கூட வசதி இல்லை. அது ஏறிக்கொண்டே போனால் எந்த நிமிடமும் இதயம் நிற்கலாம் என்றார்.

ஹெலிகாப்டர் கேட்டுக் காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒன்று பழுது. இன்னொன்று புயலில் சிக்கிய மீனவர்களைத் தேடிப் போயிருக்கிறது. அதிலும் உயிர்கள்தானே, என்ன சொல்வது?

கப்பலுக்கு அனுமதி வந்தாலும் இவரை ஏற்ற முடியாது என்கிறார் டாக்டர். ஒரு ராத்திரி முழுக்க அந்த அலையில் குலுங்கினால் தாங்கமாட்டாராம்.

நவம்பர் 13

காலையில் எழுந்து பார்த்தால் வானம் வெளுத்திருந்தது. வெயில்கூட வந்தது. கொஞ்ச நேரத்தில் கேப்டன் ரகோத்தமன் விருந்தினர் இல்லத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வானம் திறந்திருக்கு. நாளைக்கு மறுபடி மூடிடும்னு சொல்றாங்க. இப்பவே கிளம்பலாம். நான், அவர், கூட ஒரு நர்ஸ். ஒரு தடவைக்கு மட்டும் அனுமதி எழுதிக் குடுங்க."

"அந்தப் பிடியோடயா?"

"அந்தப் பிடியோடதான் உங்களை இங்க கூட்டிட்டு வந்தேன்."

"அப்ப எனக்குத் தெரியாது சார். இப்ப தெரியும்."

"என்ன தெரியும்? எவ்வளவு ஆழம்னு தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான்."

விரிசலுள்ள விமானத்தைப் பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோக ஒரு முறை மட்டும் பறக்கச் சிறப்பு அனுமதி தரலாம். தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ள வேண்டும், விமான ஊழியர்கள் மட்டுமே ஏறலாம். நோயாளியை ஏற்றக் கூடாது. அதைச் சொன்னேன். அவருக்கும் அது தெரியும்.

"அந்த நர்ஸுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"இருபத்திமூணு, இருபத்திநாலு இருக்கும்."

"அவகிட்ட கேட்டீங்களா? விரிசல் இருக்குன்னு சொல்லிக் கேட்டீங்களா?"

வாசல் பக்கம் திரும்பினார். போகும்போது, "நான் ஏர்ஃபோர்ஸ்ல இதைவிட மோசமானதெல்லாம் ஓட்டியிருக்கேன் மேடம். இன்னைக்கு உங்களால ஒரு ஆள் சாகப்போறான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராவ் சாரை அழைத்தேன்.

"உங்க முடிவுக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன் காந்திமதி."

"அப்ப அனுமதி குடுக்கலாமா சார்?"

"அப்படின்னு நான் சொல்லலையே."

"வேண்டாங்கிறீங்களா?"

"அப்படியும் சொல்லல. நீங்கதான் அங்க இருக்கீங்க. நேர்ல பாத்தது நீங்க."

எழுத்தில் ஏதாவது அனுப்புங்கள் என்றேன். மீட்டிங் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் சகாயமேரி வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள். அழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒரு கையெழுத்துதானாமே மேடம்? கேப்டன் சாரு சொன்னாரு. நீங்க போட்டா அவரு ஓட்டுவாராம்."

"அது விழுந்துட்டா மூணு பேரு போயிடுவாங்கம்மா."

"விழாட்டி?"

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"அன்னைக்குக் கப்பல்ல ஏறதுக்குப் பையெல்லாம் கட்டிட்டாரு. நீங்கதான் திங்கக்கிழம பறக்கலாம்னீங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் இருந்தாரு."

நான் அப்படி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. கம்பெனி சொன்னதை வைத்து உத்தேசமாகச் சொன்னதுதான். போவதும் இருப்பதும் அவர் எடுத்த முடிவு. அதை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த நிலையில் இருப்பவளோடு என்ன வாதம்?

சாயங்காலம் ஹெலிகாப்டர் வரும் என்றார்கள். எல்லோரும் மைதானத்தில் நின்றோம். மீனவர்களில் நாலு பேரை எடுத்துக்கொண்டு நேரே போர்ட் பிளேருக்குப் போய்விட்டதாம். இருட்டிவிட்டதால் இனி நாளைதான்.

இன்று பகல் முழுக்க நல்ல வெயில்.

நவம்பர் 14

மழை மறுபடி பிடித்துவிட்டது. ஹெலிகாப்டர் கிளம்பவே இல்லை.

சுகாதார நிலையத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அருளப்பனால் படுக்க முடியவில்லை. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மூச்சும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுப் பேசினார். மேரியை வெளியே போகச் சொன்னார்.

"விழுந்தா நான்தானே மேடம். எப்படியும் போறவன்தானே."

"கேப்டனும் இருப்பாரே அண்ணாச்சி. நர்ஸு பொண்ணும்."

"நர்ஸு வேண்டாம். நானும் அவரும் போறோம். அவருதான் சம்மதிச்சுட்டாரே."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார்:

"எனக்குப் பயமா இருக்கு மேடம். ராத்திரி கண்ண மூடவே பயமா இருக்கு. நான் பெரிய மனசுக்காரன்லாம் இல்ல. எனக்குப் பொழைக்கணும்."

"ஹெலிகாப்டர் வந்துடும் அண்ணாச்சி."

"இதையும் நம்பச் சொல்றீங்களா?"

நான் கிளம்பும்போது, "உங்க கூடப்பொறந்த அண்ணன்னா போட்டிருப்பீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நடந்தே விருந்தினர் இல்லத்துக்கு வந்தேன். முழுக்க நனைந்துவிட்டேன். வீட்டுக்காரர் மூன்று முறை அழைத்திருக்கிறார். எடுக்கவில்லை.

நவம்பர் 15

விடிந்ததும் ஓடுதளத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ஒரே ஒரு பயணத்துக்கு என்று எழுதினேன். தலைமை அலுவலகத்தைக் கேட்கவில்லை. அருளப்பனை ஊழியர் என்று காட்டினேன். நர்ஸ் வேண்டாம் என்று எழுதினேன். ஜெயசீலன் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கேப்டன் படிக்கவே இல்லை. ஷெட் வாசலில் நின்று வெளியே கையைக் காட்டினார். ஓடுதளத்தின் பாதிக்கு மேல் தெரியவில்லை. மேகம் தரையோடு கிடந்தது. காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"இதுல எப்படி மேடம் எழுப்புறது? முந்தாநாள் குடுத்திருந்தீங்கன்னா..."

மறுபடி மேகத்தைப் பார்த்தார்.

கொஞ்சம் விலகினாலும் கிளம்பிவிடலாம், அருளப்பனை ஜீப்பில் கொண்டுவந்து தயாராக வைக்கலாமா என்று மூவரும் பேசிக்கொண்டு நின்றோம். ஜெயசீலன் பின் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போட இடம் செய்தான். அவன் கடைசி இருக்கையை வெளியே தூக்கி வரும்போது டாக்டர் மண்டலின் போன் வந்தது.

தாளைக் கேப்டனிடமிருந்து வாங்கிக் கிழித்துவிட்டேன். அவர்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பற்றி யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் 16

அடக்கம் நடந்தது. நான் கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை, எதிரே ரோட்டில் நின்றேன். தீவே திரண்டிருந்தது. அன்று கைக்குழந்தையோடு நின்ற பெண்ணும் வந்திருந்தாள். என்னைக் கடந்து போனவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

நான் கையெழுத்துப் போட்டதை மேரியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இரண்டு நாள் முன்னாடி போடவில்லையே என்று ஆகும். சொல்லாவிட்டால் போடவேயில்லை என்று ஆகும். சொல்லவில்லை.

நவம்பர் 17

மெஸ் மூடியிருக்கிறது. பிஸ்கட்.

நவம்பர் 19

கப்பல் வந்தது. பிடியும் வந்தது. ஜெயசீலனும் நானும் பகலெல்லாம் நின்று மாட்டி முடித்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது. பறக்கத் தகுதியானது என்று எழுதிக் கொடுத்தேன். பழைய பிடியைச் சாக்குத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு என்று எழுதி ஒட்டினேன். கையில் எடுத்தால் ஒரு தேங்காய் எடைகூட இல்லை.

நவம்பர் 20

கம்பெனி இந்தத் தடத்தை விட்டுப் போகிறது. காலையில் ஜெயசீலனுக்குத் தகவல் வந்ததாம். பயணிகள் குறைவு, பராமரிப்புச் செலவு அதிகம், தீவுக் காலநிலை விமானத்துக்கு ஒத்துவரவில்லை என்று காரணம். என்னுடைய நிறுத்த உத்தரவையே ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள்.

ராவ் சாரிடம் கேட்டேன், இப்படி விட்டுப் போகலாமா என்று. "போகலாம். அபராதம் கட்டிட்டுப் போவாங்க. அது நம்ம பாடு இல்ல காந்திமதி, நம்ம வேலை பாதுகாப்பு மட்டும்தான். மறுபடி டெண்டர் விடுவாங்க," என்றார். எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாலையில் கேப்டன் விமானத்தைக் காலியாக எடுத்துக்கொண்டு போனார். வரச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கப்பலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலியோரம் நின்று ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானம் அழகாக எழும்பிப் போயிற்று.

டிசம்பர் 11

சென்னை. ஆய்வகத்தின் முடிவு வந்துவிட்டது.

அது விரிசல் இல்லை. உப்பரிப்பால் மேற்பரப்பில் விழுந்த கீறல். சாயம் அதில் தங்கியிருக்கிறது. உலோகத்துக்குள் இறங்கவில்லை. வரம்புக்குள்தான் இருந்தது, தேய்த்து மெருகேற்றிப் பூச்சுக் கொடுத்து அப்படியே பயன்படுத்தியிருக்கலாம்.

ராவ் சார் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி சொன்னார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அங்க உங்ககிட்ட கருவி இல்ல. ஆழம் தெரியல, நிறுத்தினீங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருக்கணும். பாராட்டி ஒரு குறிப்பு எழுதப்போறேன்," என்றார்.

எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டார்.

தீவு நிலையங்களில் அந்தக் கருவி ஒன்று வைக்க வேண்டும் என்றும், மாற்று விமானம் கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்றும் நான் அனுப்பிய பரிந்துரை 'பரிசீலனையில்' இருக்கிறது.

டிசம்பர் 18

லீவு போட்டேன். வீட்டுக்காரர் டாக்டரிடம் போகலாம் என்கிறார். தூக்கம் வராததற்கு டாக்டர் என்ன செய்வார்?

டிசம்பர் 30

சகாயமேரி அழைத்தாள். என் எண்ணை ஜெயசீலனிடம் வாங்கினாளாம். மெஸ்ஸை மறுபடி திறந்திருக்கிறாள். தம்பி மனைவி கூட இருக்கிறாள். கிறிஸ்துமஸ் எப்படியோ போய்விட்டதாம். அப்புறம் கேட்டாள்:

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். அந்தச் சாமான டெஸ்ட்டுக்குக் கொண்டு போனீங்கள்ல. என்ன சொன்னாங்க? அன்னைக்கு இவரு ஏறியிருந்தா விழுந்திருக்குமா?"

நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

"விழுந்திருக்கும்மா. கண்டிப்பா விழுந்திருக்கும்."

எதிர்முனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சரி மேடம். அது தெரியாமத்தான் கெடந்து தவிச்சேன். கடல்ல போயிருந்தா மண்ணு போடக்கூடக் கெடச்சிருக்க மாட்டாரு." கொஞ்சம் கழித்து, "உங்கள என்னமோல்லாம் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க," என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஜனவரி 21

மறுபடி பரிசோதனைப் பணி. இந்த முறை மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். வேறு கம்பெனி, பத்தொன்பது இருக்கை. ராவ் சாரே அனுப்பிவைத்தார், "வெளியே போனா மனசு மாறும்," என்று.

விமானத்துக்குப் போவதற்கு முன்னால் பயணிகள் கூடத்துக்குப் போனேன். முன்பெல்லாம் நான் அங்கே போவதே இல்லை. கம்பெனிப் பெண்ணிடம், "யாராவது நோயாளி இருக்காங்களா?" என்று கேட்டேன். ஒரு பெண்ணைக் காட்டினாள். தலையில் துணி கட்டியிருந்தாள், முடி கொட்டியிருக்க வேண்டும். கணவன் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் அவளுக்கு மருந்து ஏற்ற வேண்டுமாம்.

இடது சக்கரத்தின் பிரேக் குழாய் இணைப்பில் எண்ணெய் ஈரம் இருந்தது. விரலில் பிசுபிசுத்தது. எஞ்சினியர் நடுத்தர வயசுக்காரர். "ரொம்ப நாளா இப்படித்தான் மேடம் இருக்கு. சொட்டாது," என்றார். குழாயை மாற்ற வேண்டும் என்றால் உதிரிப்பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும். இன்று போக முடியாது. நாளையும் சந்தேகம்தான்.

அழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. மாலையில் போன் செய்து கேட்டேன். பத்திரமாக இறங்கிவிட்டதாம். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போயிருப்பார்கள்.

நாளைக் காலையும் அதே விமானம்தான், அதே குழாயோடு.